பாதி முழங்கை

செல்பேசியில் அந்த வீடியோவை எல்மர் பதினேழாவது தடவையாகப் பார்த்தான். கார்வின் எம்புகிறான், பந்து கூடைப்பந்து வளையத்துக்குள் விழுகிறது. 'பனாய்த் தீவின் சூறாவளி! வயது பதினேழு! இடமும் வலமும் புகுந்து ஆடும் மாயக்காரன்!' என்று விளையாட்டுச் சேனல்காரர்கள் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தொடக்கத்தில் அரை நொடி, திரையின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். பந்தைக் கொடுத்த எல்மருடைய கை அது. மூன்று லட்சம் பேர் பார்த்த வீடியோவில் அவன் பங்கு பாதி முழங்கைதான்.

வயிறு எரிந்தது. இடமும் வலமுமாம்! இடது பக்கம் பந்து வந்தால் கார்வின் தடுமாறிப்போவான். ஆறு வருடங்களாக அவன் வலது கை பார்த்து, ஊட்டிவிடாத குறையாகப் பந்து கொடுத்து வந்த எல்மருக்குத் தெரியாதா?

பாச்சோய் சூப் கடைக்காரி வேறு, கார்வினிடம் காசு வாங்கவில்லை. "சூறாவளிக்கு இலவசம். நீ காசை எடு தம்பி, நீ வெறும் காத்துதானே!" என்று எல்மரைப் பார்த்துச் சிரித்தாள்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு மணிலாவிலிருந்து ஒரு கல்லூரிக் கோச் வருவதாகப் பேச்சு. கல்லூரி அணியில் இருப்பது ஒரே இடம். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். எல்மருக்குப் பத்தொன்பது வயது முடிந்துவிட்டது. இதை விட்டால் அப்பாவோடு மீன்படகுதான்.

"சேனல்ல எழுதுறதைப் பார்த்தா எனக்கே கூச்சமா இருக்குண்ணே," என்றான் கார்வின். "நீ எப்பவும்போலக் கொடு. அது போதும்."

"கொடுக்காம என்ன? நீதான் சூறாவளி ஆச்சே."

கொடுக்கத்தான் செய்தான். தேவாலயத்தை ஒட்டிய தகரக்கூரை மைதானத்தில், ஊரே பார்க்க, ஒவ்வொரு பாஸையும் இடது பக்கம் ஒரு சாண் தள்ளிக் கொடுத்தான். யாரும் குறை சொல்ல முடியாது. பந்து கார்வினின் விரலில் பட்டு வெளியே ஓடியது. "என் தப்புண்ணே," என்றான் கார்வின். மறுபடியும் நழுவியது. மறுபடியும், "என் தப்புண்ணே."

"சூறாவளி கரையைக் கடந்திடுச்சுடா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். எல்மருக்கு நெஞ்சு குளிர்ந்தது. தானே புகுந்து புகுந்து இருபத்திரண்டு புள்ளி எடுத்தான்.

ஆட்டம் முடிந்ததும் கோச் நேராக அவனிடம்தான் வந்தார்.

"சேனல்காரங்க எழுதுறதை நாங்க நம்புறதில்ல," என்றார். "போன மாசம் கார்வின் நாலு முழு ஆட்டத்தோட வீடியோவை எனக்கு அனுப்பினான். 'என்னைப் பார்க்காதீங்க சார், பாஸ் கொடுக்கறவரைப் பாருங்க'ன்னு எழுதியிருந்தான். உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்."

எல்மர் திரும்பிக் கூட்டத்தில் கார்வினைத் தேடினான்.

"இன்னைக்கும் பார்த்தேன். அவனுக்குப் பதினோரு பாஸ் கொடுத்தே. பதினொண்ணும் இடது பக்கம். ஒண்ணுகூட குறி தப்பல." கையிலிருந்த கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் காருக்குப் போய்விட்டார்.

வாசலில் எல்மருடைய பையையும் தோளில் மாட்டிக்கொண்டு கார்வின் நின்றிருந்தான். அழுது கண் சிவந்திருந்தது.

"நான் சொதப்பிட்டேண்ணே," என்றான். "உன்னையாவது எடுத்துக்கிட்டாரா?"