தொண்ணூறு அடி தங்கப்பழம்

கூவைக்குறிச்சியின் கத்திரிக்காய்க்குக் கண் பட்ட மறுநாள், தங்கப்பழத்தின் மூஞ்சியை அளக்கப் பஞ்சாயத்திலிருந்து வந்தார்கள்.

அவர் அப்போது ஒரு சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை. பத்தொன்பது வருடமாக அதே தகரக் கொட்டகை, அதே தண்ணீர்ச் சட்டி. மனைவி செல்வக்கனி தூக்குவாளியில் மதியச் சோறு கொண்டுவந்து, அவர் நாலு வாய் தின்றதும், "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டிருந்தாள். பதில் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மதியத்துக்கு மதியம் கேட்கிறாள். அவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. கேட்ட மாதிரியும் காட்டிக்கொண்டதில்லை.

அந்தச் சாலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வெட்கங்கெட்ட சாலை. முதல் ஊர்க்காரர்கள் நாற்பது அடிக்கு ஒரு பலாப்பழம் கட்டினார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காமல் அடுத்த ஊர் அறுபது அடிக்கு எவர்சில்வர் டம்ளர் நிறுத்தியது. அதன் பிறகு, பெரிதாக ஒன்றும் இல்லாத ஊரில் பஸ் நிற்பதில்லை என்று ஆகிவிட்டது. பஸ் நிற்காத ஊர் கொஞ்ச நாளில் சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கிய ஓர் ஊர் இப்போது ஒரு மைல்கல்லுக்குப் பின்னால் இருக்கிறது. காலையில் குனிந்து பார்த்தால் அடுப்புப் புகை தெரியும்.

கூவைக்குறிச்சி எழுபத்திரண்டு அடிக்குக் கத்திரிக்காய் கட்டியது. அந்த ஊரில் கத்திரிக்காய் விளையாது. விளைந்ததும் இல்லை. கொத்தனார் மரியசூசைக்குத் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் கட்டத் தெரியும். ஆகவே தொட்டியையே கட்டி, மேலே ஒரு காம்பு வைத்து, ஊதா வர்ணம் அடித்தார். ஊரே பட்டாசு வெடித்தது. பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குக் கதவு கிடையாது. கத்திரிக்காய்க்கு இடிதாங்கி உண்டு.

அதில்தான் விரிசல் விட்டிருந்தது. மணலைக் கூட்டிச் சிமெண்டைக் குறைத்ததால் வந்த விரிசல் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி எல்லார் வீட்டுத் திண்ணையிலும் ஒரு மூட்டை சிமெண்ட் இருந்தது. கண் பட்டுவிட்டது என்றார்கள். டம்ளர் ஊர்க்காரன் கண்.

"திருஷ்டி பொம்ம வைக்கணும்," என்றார் பஞ்சாயத்துத் தலைவர் ஆத்தியப்பன். "வீடு கட்டுதப்போ வைப்போம்லா, அது மாதிரி. முழி பிதுங்கி, மீசைய முறுக்கிட்டு, பாத்த உடனே பயம் வரணும்."

"எவ்வளவு உசரம்?" என்றார் கொத்தனார்.

"கத்திரிக்காய விடப் பெருசு. சின்னதா வச்சா கண்ணு அதத் தாண்டிப் போயிரும்லா."

கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த ஊரில் தலையாட்ட மட்டும் ஆள் பஞ்சமே வந்ததில்லை.

இப்படியாகத்தான் தலைவரும் கொத்தனாரும் அளவு நாடாவோடு பஞ்சர் கடைக்கு வந்தார்கள்.

"அசையாம இரும் வே," என்றார் கொத்தனார்.

"எதுக்கு என் மூஞ்சி?"

"நாலு தெருவும் தேடிட்டோம். இத விட வாகான மூஞ்சி ஊருல இல்ல," என்றார் தலைவர்.

தங்கப்பழத்துக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்ததும் பயம் வருகிற மூஞ்சி என்று சொல்கிறார்கள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவர் மூஞ்சியை யாரும் எதற்கும் கேட்டதில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். ஒரு மூஞ்சி ஒரே இடத்தில்தான் இருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. அவர் படிக்கவில்லை.

"என்னத்துல கையெழுத்துப் போட்டீங்க?" என்றாள் செல்வக்கனி.

அவர் டியூபைத் தண்ணீரில் முக்கினார்.

பொம்மை தொண்ணூறு அடி. கால் வேகமாக எழும்பியது, வயிறு அதைவிட வேகமாக எழும்பியது. பிறகு மூஞ்சி வேலை தொடங்கியது.

மீசை முடிந்த அன்று தங்கப்பழம் சலூனுக்குப் போனார். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "அந்த மீச இப்போ உம்மது இல்லைல்லா. பஞ்சாயத்துல எழுதி வாங்கிட்டு வாரும்."

மூக்கு முடிந்த அன்று அவருக்குச் சளி பிடித்தது. ஊர்க்காரர்கள் பொம்மைக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் கொண்டுபோனார்கள்.

கண் திறந்த அன்று, கடைக்கு வந்த வாடிக்கைக்காரர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். பொம்மையின் கால்மாட்டில் சைக்கிளைச் சாய்த்து, அண்ணாந்து பார்த்து, "பின்சக்கரம், அண்ணாச்சி," என்றார்கள். மறுநாள் வந்து, காற்று இறங்கிய சைக்கிளை அப்படியே எடுத்துக்கொண்டு, வேலை சுத்தம் என்று சொல்லிவிட்டு உருட்டிக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊதா வர்ணத் தொட்டியைக் கும்பிடுகிற ஊரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? ஆனால் முகவாய் முடிந்த அன்று தூக்குவாளி கடைக்கு வரவில்லை. அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். செல்வக்கனி பாதிக் கதவைத் திறந்தாள்.

"அவரு வீட்டுல இல்ல. ரோட்டுல நிக்காரு, அங்க போய்ப் பாருங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மீசை போகட்டும், மூக்கு போகட்டும். செல்வக்கனிக்கே தெரியாமல் போய்விட்டால், அப்புறம் தான் யார் என்று யாரிடம் போய்க் கேட்பது? நடுத்தெருவில் நின்று அழுதார்.

பஞ்சாயத்து அலுவலகம் ஒற்றை அறைதான். அன்றைக்கு வாசலிலிருந்து மேசை வரை நடக்க ஒரு மணி நேரம் ஆனது.

"என் மூஞ்சியத் திருப்பித் தாங்க."

"எந்த மூஞ்சி?" என்றார் தலைவர்.

"என் மூஞ்சி."

"அது மேல இருக்கு. தொண்ணூறு அடியில. உம்மகிட்ட இருக்கது எவ்வளவு?"

அளந்தார்கள். ஒன்பது அங்குலம்.

"எது அசல்னு நீரே சொல்லும்."

"என் பொண்டாட்டியக் கேளுங்க."

தலைவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. "சரி. அந்தம்மா வந்து இவருதான்னு சொல்லட்டும். அந்த நிமிசமே மூஞ்சிய இறக்கிக் குடுத்துருதோம்."

மறுநாள் மதியம் ஊரே கூடியது. நாலு பஸ் நின்றது. செல்வக்கனி தூக்குவாளியோடு வந்தாள். மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கேள்விதான்," என்றாள்.

தங்கப்பழத்தின் கையில் ஒரு உருண்டை சோறு வைத்தாள். இன்னொரு உருண்டையைக் கொத்தனார் சாரத்தில் ஏறிக் கொண்டுபோய்ப் பொம்மையின் உதட்டில் அப்பினார்.

"உப்பு சரியா இருக்கா?"

தங்கப்பழம் மென்று முடிக்கக்கூட இல்லை. "சரியா இருக்கு, கனி," என்றார். "அளவா இருக்கு. இத்தன வருசமும் சரியாத்தான் இருந்துச்சு. நாந்தான் சொல்லல." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு சுலபமான பதிலா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

பொம்மை ஒன்றும் சொல்லவில்லை. டம்ளர் ஊர்ப் பக்கமாக முறைத்துக்கொண்டிருந்தது.

செல்வக்கனி கையை உயர்த்திப் பொம்மையைக் காட்டினாள். "அவருதான் எங்க வீட்டுக்காரரு."

"நல்லா யோசிச்சிச் சொல்லும்மா," என்றார் தலைவர்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பத்தொம்பது வருசமாக் கேக்கேன். ஒரு நாளும் வாயத் தொறந்ததில்ல. இந்த ஆளு யாரோ, கேட்ட உடனே பதில் சொல்லுதாரு."

கூட்டம் கைதட்டியது. பஸ்ஸில் வந்தவர்களும் தட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் பொம்மையின் காதில் விரிசல் விட்டது. அத்தனை பேர் வந்து பார்த்தால் கண் படாமல் என்ன செய்யும்? பொம்மைக்கே ஒரு திருஷ்டி பொம்மை தேவைப்பட்டது. அதைவிடப் பெரிதாகக் கட்டச் சிமெண்ட் இல்லை. எல்லாம் வீடுகளில் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத ஏதாவது ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்று தீர்மானம் போட்டார்கள். ஊரில் அப்படி ஒன்றுதான் இருந்தது.

தங்கப்பழத்தை இடுப்பில் கயிறு கட்டி, பொம்மையின் இடது காதிலிருந்து தொங்கவிட்டார்கள். அங்கிருந்து சாலை முழுவதும் தெரிந்தது. பலாப்பழம் தெரிந்தது, டம்ளர் தெரிந்தது. கத்திரிக்காய் தெரியவில்லை. அது முந்தின செவ்வாய்க்கிழமையே இடிந்து விழுந்திருந்தது. ஊரில் இன்னும் யாரும் கவனிக்கவில்லை.

மதியம் செல்வக்கனி வந்தாள். தூக்குவாளியைப் பொம்மையின் கட்டைவிரல் பக்கத்தில் வைத்தாள். முந்தானையால் கண்ணுக்கு மேல் வெயிலை மறைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு, கனி!" என்று காதோரத்திலிருந்து தங்கப்பழம் கத்தினார்.

அவள் முகம் சுளித்தாள். "புருசன் பொண்டாட்டி பேசுத இடத்துல எவன் அவன் குறுக்க பேசுதது?"

பிறகு மறுபடியும் மேலே பார்த்து, பதிலுக்காக நின்றாள்.