தஞ்சாவூருக்குப் போகாத கதை

"என் தீசிஸ்ல எப்ப சார் கையெழுத்துப் போடுவீங்க?"

கேட்டுவிட்டேன். கைடிடம் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று சீனியர் ஜெயராணி அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். அவராகப் போடும்வரை சனிக்கிழமைதோறும் கடலூரிலிருந்து பஸ் ஏறி, சிதம்பரத்தில் அவர் வீட்டுக்கு வர வேண்டும். அவர் மனைவி நீட்டுவதை நறுக்க வேண்டும். இன்று வாழைப்பூ. நரம்பெடுத்து விரலெல்லாம் கறை.

சுப்பராயலு சார் நிமிரவில்லை. மடியில் என் முதல் சிறுகதைத் தொகுப்பின் ப்ரூஃப். முன்னுரை தருகிறேன் என்று அவரே கேட்டு வாங்கியது.

"கையெழுத்து எங்கம்மா போயிடப் போவுது? மொதல்ல இதப் பேசுவோம். ஆறு கதை, ஆறு ஊரு. திட்டக்குடி பிரமாதம். அந்தச் சிதம்பரம் கதைய மட்டும் தஞ்சாவூருக்கு மாத்திடு."

"ஏன் சார்?"

"ப்ரொபசர் வீட்ல ஸ்டூடண்ட் மாவாட்டுறா. படிக்கிறவன் யாருன்னு நெனைப்பான்?"

சமையலறையிலிருந்து சார் மனைவி விருத்தாம்பாள் அம்மா எட்டிப் பார்த்தார். "ஏண்டி ஜான்சி, அந்தக் கதைல வர்ற பொம்பள ஏன் அவ்ளோ குண்டு?"

"அது கதைம்மா."

"கிரைண்டரு மட்டும் எங்க வீட்டுக் கிரைண்டரு."

சார் சிரிக்கவில்லை. "ஊர மாத்திக் கொண்டா. அன்னிக்கே கையெழுத்து."

தீசிஸ் டீப்பாய்மேல் கிடந்தது. அட்டையில் டம்ளர் வைத்த வட்டங்கள். ஐந்து வருடம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். டாக்டர் ஜான்சி என்று அம்மா இப்போதே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

பிச்சாவரம் கதையில் ஒரு படகுக்காரர் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிப்பார். அது என் அப்பா. அவருக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், "இன்னொரு வாட்டி படி" என்றார். ஊரை மாற்றச் சொல்லவில்லை.

ப்ரூஃபை சார் மடியிலிருந்து எடுத்தேன். கதையின் முதல் வரியிலிருந்த சிதம்பரத்தை அவரே அடித்து, தஞ்சாவூர் என்று எழுதிவைத்திருந்தார். அவர் பேனாவாலேயே அதை அடித்து, மேலே சிதம்பரம் என்று எழுதினேன்.

"அப்ப தீசிஸ்?" என்றார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் சார். டம்ளர் வைக்க ஆவும்."

"அடியே, பூவப் பாதில போட்டுட்டு எங்க போற?"

"பிரஸ்ஸுக்கும்மா. இதக் குடுக்கணும்."

வாசலில் செருப்பை மாட்டும்போது கறை விரல் வாரில் ஒட்டியது. இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன்.