பத்து மணிக்குள்

ஜெனட் கரண்டியைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு, "போதும்ப்பா," என்றாள்.

"எது போதும்? அடியில இன்னும் இருக்கு. எனக்குக் கண்ணு தெரியுது," என்றார் தர்ஸ்டன். "சுரண்டிப் போடு."

மூன்று நாட்களாகச் சாகக் கிடந்த மனிதர். செவ்வாய்க்கிழமை ஜூரிகள் அவரை ராஜத்துரோகி என்று சொன்ன மாலையே சிறைக்காய்ச்சல் முற்றிவிட்டது. புதன்கிழமை, துணி வியாபாரி வேஷத்தில் ஒளிந்து வந்த கத்தோலிக்கப் பாதிரியார் நெற்றியில் எண்ணெய் தடவிக் கடைசி ஜெபத்தையும் சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமை முழுக்க அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. விடியுமுன் கண்ணைத் திறந்து, கல் கூரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கஞ்சி இருக்கா?" என்று கேட்டார்.

பத்து மணிக்கு நீதிபதி தண்டனையைப் படிக்கப்போகிறார்.

கதவருகே நின்ற தம்பி கில்பர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்: "ஏன்க்கா ஊட்டற?"

"கேட்டாரு."

"கேட்டா குடுத்துடுவியா?"

"பசிக்குதுன்னு ஒருத்தர் கேட்டா வேற என்னடா பண்றது? நீயே சொல்லு."

கில்பர்ட் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான்.

வக்கீல் ரிக்பி சட்டத்தை அவர்களுக்கு மூன்று முறை விளக்கியிருந்தார். ஜூரிகள் குற்றவாளி என்று சொன்னதுமே வீட்டுச் சாமான்கள் ராஜாவுக்குப் போய்விடும். போய்விட்டன. புதன்கிழமையே ஆட்கள் வந்து பசுவையும் பன்றிகளையும் அம்மா கடைசியாகப் படுத்திருந்த கட்டிலையும் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் நிலம் வேறு. நீதிபதி தன் வாயால் தண்டனையைச் சொல்லும்வரை நிலம் தர்ஸ்டனுடையது. அதற்குமுன் அவர் இறந்துபோனால் நாற்பது ஏக்கரும் கில்பர்ட்டுக்கு, பிறகு அவனுடைய மூன்று பிள்ளைகளுக்கு. தண்டனையைக் கேட்டபின் ஒரு நிமிஷம் உயிரோடு இருந்தாலும் நிலம் ராஜாவுக்கு. இரத்தமே கெட்டுப்போனதாகச் சட்டம் சொல்லும். கெட்ட இரத்தத்தின் வழியாக யாருக்கும் எதுவும் இறங்கிவராது.

இது போதாதென்று தண்டனை. அது கயிற்றோடு முடிவதில்லை. கத்தி உண்டு, நெருப்பு உண்டு. அதைப் பற்றி அந்த அறையில் யாரும் பேசுவதில்லை.

ஆகவே மூன்று நாட்களாக அக்காவும் தம்பியும் படுக்கையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவர் மூச்சு நிற்பதற்காகக் காத்திருந்தார்கள். காத்திருந்தபடியே ஜெனட் அவருடைய உதடுகளை நனைத்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், வியர்வையைத் துடைத்தாள். அவள் கைகளுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

குற்றப்பத்திரிகையில், 'மன்னர் சாவதை மனத்தில் எண்ணினான்' என்று ஒரு வரி இருந்தது. சட்டத்தில் முந்நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கும் வரியாம். அதைப் படித்தபோது தர்ஸ்டன் கூண்டிலிருந்து, "நான் அவரை நினைச்சதே இல்லீங்களே! மழையை நினைக்கவே எனக்கு நேரம் பத்தல," என்றார். கோர்ட்டில் சிரித்தார்கள். அப்படியானால் கையில் வாள் எதற்கு என்று கேட்டார்கள். "எல்லாரும் வச்சிருந்தாங்க," என்றார். அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

அரசன் சாவதை நினைப்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. மூன்று நாட்களாகத் தான் நினைத்துக்கொண்டிருப்பதற்கு என்ன சட்டம் என்று ஜெனட் யாரிடமும் கேட்கவில்லை.

எட்டு மணிக்கு ரிக்பி மூச்சிரைக்க ஓடிவந்தார். உட்கார்ந்து கஞ்சிக் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்த தர்ஸ்டனைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது.

"எழுந்துட்டாரா?"

"எழுந்து சாப்பிட்டும் ஆச்சு," என்றான் கில்பர்ட்.

"நீங்க செத்துக்கிட்டு இருக்கறதா நம்பித்தான் ஓடிவந்தேன்," என்றார் ரிக்பி, தர்ஸ்டனிடம்.

"அதுக்கு நான் என்ன பண்றது? எழுப்பிவிட்டுட்டான் மேல இருக்கறவன்."

ரிக்பி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். வழி ஒன்று உண்டு. தண்டனை சொல்வதற்குமுன், சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கைதியைக் கேட்டே ஆகவேண்டும். நினைவில்லாதவனை எப்படிக் கேட்பது? கோர்ட்டு வைத்தியர் இப்போது பார்க்க வருகிறார். கைதிக்கு நினைவில்லை என்று அவர் எழுதிக்கொடுத்துவிட்டால் அடுத்த வாரம்தான்.

"அடுத்த வாரத்துக்குள்ள..." என்று இழுத்து, ரிக்பி நிறுத்திக்கொண்டார்.

"செத்துடுவேன். சொல்லேன்யா, என்ன வெக்கம்?" என்றார் தர்ஸ்டன். "இப்ப நான் என்ன பண்ணணும்?"

"கண்ணை மூடிப் படுத்திருக்கணும். வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானே! பேசாம இருக்கறதுல என்ன கஷ்டம்?"

ஜெனட்டும் கில்பர்ட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் பிரெஸ்டன் ஊருக்குச் சண்டைக்குப் போனதே பேச்சால்தான். நவம்பரில், அரியணை தனக்கே என்று கடலுக்கு அப்பாலிருந்து சொன்ன இளவரசனுக்காக வடக்கேயிருந்து படை வருகிறது என்று செய்தி வந்தபோது, பீர்க்கடையில் கொல்லன் ஒருவன், "கிழவங்க எல்லாம் வீட்லயே இருக்கட்டும்," என்றான். அவன் யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. மறுநாள் காலை தர்ஸ்டன் பரணிலிருந்து துருப்பிடித்த வாளை எடுத்துக்கொண்டு ஏர்க்குதிரை மேல் ஏறிவிட்டார். ஜெனட் வாசல் படலில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "விடு, அவனுக்கு நான் யாருன்னு காட்டிட்டு வந்துடறேன்," என்றார். இரண்டு நாள் ஒரு சந்துக்குள் வண்டிகளைக் குறுக்கே போட்டு அதன் பின்னால் நின்றார். மூன்றாம் நாள் எல்லோரோடும் சேர்ந்து வாளைக் கீழே வைத்தார். அந்த வாள் யாரையும் தொடவில்லை. கொல்லன் பிரெஸ்டனுக்கே வரவில்லை.

வைத்தியர் வந்தார். பின்னால் காகிதமும் மையும் எடுத்துக்கொண்டு சிறைக்காவலர் ஆட்கின். தர்ஸ்டன் மல்லாந்து கிடந்தார். வைத்தியர் அவருடைய இமையைத் தூக்கிப் பார்த்தார். காதருகே கைதட்டினார். பிறகு கோட்டிலிருந்து ஊசி ஒன்றை எடுத்து உள்ளங்காலில் குத்தினார். அப்பா மரக்கட்டை மாதிரி கிடந்தார். ஜெனட்டுக்கு அவரைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

"ஒண்ணும் இல்ல. உணர்வே இல்ல," என்றார் வைத்தியர். சன்னல் விளிம்பில் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். எழுதியபடியே ஆட்கினிடம், "இவனுக்கு நிலம் எங்கே?" என்று கேட்டார்.

"ஆத்தோரமா, பாலத்துக்குக் கீழ."

"அட, அந்தச் சேத்து நிலமா? எப்பவும் தண்ணி நிக்குமே. அதை எடுத்து ராஜா என்ன பண்ணப்போறார், வாத்து வளர்க்கவா?"

ஆட்கின் சிரித்தார். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அப்பாவின் கால் கட்டைவிரல் அசைவதை ஜெனட் பார்த்தாள். சத்தமாக இருமினாள். கில்பர்ட் முக்காலியை உதைத்துக் கீழே தள்ளினான்.

"தண்ணி எங்கய்யா நிக்குது?" என்றார் தர்ஸ்டன். கண்களை மட்டும் இன்னும் மூடியே வைத்திருந்தார். "என் பார்லி நிக்கும்போது வந்து பாத்திருக்கியா நீ? உன் இடுப்பு உசரம் இருக்கும். வாத்தாம்!"

வைத்தியர் எழுதியதை அடித்தார். கீழே வேறு ஒரு வரி எழுதி, மை காய ஊதினார்.

"நல்லாத்தான் இருக்கான். நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கில்பர்ட் வெளியே போனான். நடையில் அவன் எதையோ உதைப்பது கேட்டது. ரிக்பி முக்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

"ரெண்டு நிமிஷம்ப்பா," என்றாள் ஜெனட். "ரெண்டே ரெண்டு நிமிஷம். உங்களால முடியலையே!"

"அவன் பொய் சொல்றான்."

"சொல்லிட்டுப் போகட்டுமே!"

"என் நிலத்தைப் பத்தியா?"

"அந்த நிலம்தான்ப்பா போகப்போவுது! இனிமே அதுல பார்லி நின்னா என்ன, வாத்து நீந்தினா என்ன? கில்பர்ட்டு புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போவான்? சொல்லுங்க. எல்லாத்துக்கும் பதில் வச்சிருப்பீங்களே, இதுக்குச் சொல்லுங்க!"

அவளுக்குத் தெரிந்து முதல்முறையாக அவர் பதில் சொல்லவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிக்பி," என்றார் பிறகு. "கேள்வி ஒண்ணு கேப்பாங்கன்னியே. அதுக்கு எவ்வளவு நேரம் பதில் சொல்லலாம்?"

"அதுக்குச் சட்டத்துல அளவு கிடையாது. நீதிபதிக்குப் பொறுமை இருக்கறவரைக்கும்."

"நான் முடிக்கறதுக்கு முன்னாடி அவர் தண்டனையைப் படிக்க முடியாதில்ல?"

"நியாயமாப் பார்த்தா, முடியாது. ஏன்?"

"சும்மா கேட்டேன்." மகள் பக்கம் திரும்பினார். "காலுறையை மாட்டிவிடு."

மாட்டும்போது அவர் பாதங்கள் அடுப்புக்கல் மாதிரி சுட்டன. விடிகாலையில் இப்படி இல்லை. ஜெனட் நிமிர்ந்து பார்த்தாள்.

"காய்ச்சல் திரும்ப ஏறுதுப்பா. வைத்தியரைக் கூப்பிடறேன்."

"எதுக்கு? திரும்பச் சண்டை போடவா?" என்றார். "இறுக்கிக் கட்டு. அவுந்து விழக் கூடாது."

கோர்ட்டில் உட்கார இடமில்லாமல் ஜனங்கள் சன்னல் மேலெல்லாம் ஏறியிருந்தார்கள். நீதிபதிக்கு ஜலதோஷம், பெரிய கைக்குட்டையைத் தீர்ப்புக் காகிதத்தின் மேலேயே வைத்திருந்தார். குமாஸ்தா கேட்டார்: இந்தக் கைதிக்கு மரண தண்டனை ஏன் விதிக்கக் கூடாது என்பதற்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

"இருக்குங்க," என்று சொல்லி, தர்ஸ்டன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"உட்கார்ந்தே பேசலாம்," என்றார் நீதிபதி.

"வேணாம் பிரபு. உக்காந்தா எனக்குப் பேச்சு வராது."

அது பொய். உட்கார்ந்து, படுத்து, பசுவுக்கடியில் குந்திப் பால் கறந்துகொண்டு என்று எல்லா நிலையிலும் பேசியவர் அவர்.

அவர் கூண்டுக் கட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தன் தாத்தாவிலிருந்து ஆரம்பித்தார். தாத்தா முதல் வாய்க்காலை எப்படி வெட்டினார், மண்வெட்டி எத்தனை உடைந்தது. அப்பா இரண்டாவதை எங்கே ஆரம்பித்தார், அதை ஏன் பாதியில் வளைத்தார். மேற்கு வயலின் மண் என்ன நிறம், அதற்கு எந்த வருஷம் சுண்ணாம்பு போட்டது.

"இதுக்கும் வழக்குக்கும் சம்பந்தம் உண்டா?" என்று நீதிபதி கேட்டார்.

"உண்டு பிரபு. வந்துக்கிட்டே இருக்கேன்."

ஜனங்கள் சிரித்தார்கள். நீதிபதி மூக்கைச் சிந்தினார். தர்ஸ்டன் ஒவ்வொரு ஏக்கராக நடந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. அவர் மோவாயிலிருந்து வியர்வை கட்டையின் மேல் சொட்டியது. கட்டைக்குக் கீழே அவருடைய முழங்கால்கள் நடுங்குவது ஜெனட் உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு மட்டும்தான் தெரிந்தது. பின்னால் நாற்காலி காலியாக இருந்தது. "உட்காருங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பாதி எழுந்தாள்.

கில்பர்ட் அவளுடைய கையைப் பிடித்தான். இறுக்கிப் பிடிக்கவில்லை. உதறினால் விட்டுவிடுவான்.

அவள் உட்கார்ந்தாள்.

"முடிச்சுக்குங்க," என்றார் நீதிபதி. கைக்குட்டைக்கு அடியிலிருந்து காகிதத்தை உருவினார்.

"முடிஞ்சுது பிரபு. கிழக்கு மூலை மட்டும்தான் பாக்கி." தர்ஸ்டன் கூட்டத்தில் யாரையோ தேடினார். வைத்தியர் சுவரோரம் நின்றிருந்தார். "அதை மட்டும் ஒத்துக்கறேன். அங்க தண்ணி நிக்கும்."

அவர் கைகள் கட்டையிலிருந்து வழுக்கின.

நாற்காலி கவிழ்ந்த சத்தம் பெரிதாக இருந்தது. வைத்தியர் கூண்டுக்குள் மண்டியிட்டார். ரிக்பி எழுந்து நின்று, "தண்டனை இன்னும் சொல்லப்படலை பிரபு! பதிவு பண்ணணும், தண்டனை சொல்லப்படலை!" என்று கத்தினார். குரலில் இருந்த சந்தோஷம் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். இருமி அதை மறைத்துக்கொண்டார். வைத்தியர் நிமிர்ந்து தலையை அசைத்தார்.

நீதிபதி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். நான்காக மடித்தார். "அடுத்தவனைக் கொண்டாங்க," என்றார்.

மற்றதெல்லாம் இழுத்துக்கொண்டே போயிற்று. சிறையில் இருந்தவர் செத்தால் பன்னிரண்டு பேர் வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். பதினோரு பேர்தான் கிடைத்தார்கள். ஒரு ரொட்டிக்காரரைப் பிடித்துவந்தார்கள். அவர் கையில் மாவோடு பார்த்துவிட்டு, "கடவுள் சித்தம்," என்று கையெழுத்துப் போட்டார். பிறகு விலங்கை வெட்டுகிறவன் சாப்பிடப் போயிருந்தான். பிறகு வண்டிக்காரன், தண்டனை ஆன ஆளா ஆகாத ஆளா என்று நான்கு தரம் கேட்டான். "ஆகாத ஆள், ஆகாத ஆள்," என்று கில்பர்ட் நான்கு தரமும் சொன்னான்.

அவர்கள் ஊருக்கு வெளியே வரும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. முதல் மேட்டிலேயே சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"இந்தக் குதிரைக்கு மூணு பேர் ஜாஸ்தி. அவர் இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் இறங்குங்க."

இறங்கினார்கள். கணுக்கால்வரை சேறு. கில்பர்ட் ஒரு பக்கச் சக்கரத்தைப் பிடித்தான். ஜெனட் வண்டியின் பின்பலகையில் தோளைக் கொடுத்தாள். சாக்கு மூடிய அப்பாவின் தலை அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வண்டிக்காரன் சத்தம் போட்டான். குதிரை முக்கியது. வண்டி அசையவில்லை.

"யாரோட பேசற?" என்று கில்பர்ட் கேட்டான்.

"என்னது?"

"ஏதோ திட்டிக்கிட்டே இருக்கியே."

"ஒண்ணும் இல்ல," என்றாள் ஜெனட். "நீ தள்ளு."

அவன் குனிந்தான். வண்டி ஓரடி மேலே ஏறியது.