உரிய மாதிரிகள் சேகரிக்கப்படும்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. அந்தப் படிவத்தைத் தமிழில் எழுதியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் நான் மறைத்ததாகிவிடும்.

ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கு விஞ்ஞானத் துறை, செம்மறிகளின் மூளையை ஆராயப் புறப்பட்டது. ஊராரிடம் ஆடு கேட்க வேண்டும். அதற்கு ஒப்புதல் படிவம் வேண்டும். ஆங்கிலத்தில் வந்த படிவத்தில் ஒரு வசனம் நேராகவே இருந்தது: ஆய்வின் முடிவில் சில ஆடுகள் கொல்லப்படும், அவற்றின் மூளை எடுக்கப்படும். பொறுப்பாளர் கலாநிதி இல்ஹாம் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பதமா எழுதுங்க, சனம் பயந்திரும்" என்றார். நான் கதை எழுதுகிறவன், பதத்துக்கா பஞ்சம்? இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"ஆய்வின் நிறைவில் தெரிவு செய்யப்பட்ட விலங்குகளிலிருந்து உரிய மாதிரிகள் சேகரிக்கப்படும்."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அன்றைக்கு அந்த வசனத்தை இரண்டு முறை வாசித்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

2

முதல் வரியாக எழுதி அடித்தவை:

"வாவியின் மேல் காலை வெயில்..." (வேண்டாம். வாவிக்கு இந்தக் கதையில் ஒரு வேலையுமில்லை.)

"பதினோராம் இலக்கச் செம்மறி அன்று காலை நினைத்துக்கொண்டது..." (ஆட்டின் தலைக்குள் புக எனக்கு உரிமையில்லை. ஏற்கெனவே ஒரு கூட்டம் புகுந்துவிட்டது.)

"றுமைஸா நல்லவள்." (இதை அடிக்கவில்லை. சந்தேகத்தோடு விட்டிருக்கிறேன்.)

3

றுமைஸாவுக்கு ஊர் ஏறாவூர், வயது முப்பத்தொன்று. இல்ஹாமின் ஆய்வு உதவியாளர். அவளுடைய மேற்பட்டமும் அதே ஆய்வில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடு சேர்க்கும் வேலையை அவளிடம் விட்டார்கள். எங்கள் பக்கம் ஆடு என்றாலே வெள்ளாடுதான். செம்மறிக்காரர்களைத் தேடிப்பிடிக்க வேண்டும். அப்படித் தேடித்தான் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து பழுகாமத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே அன்னப்பூரணி இருந்தார். ஐம்பத்தைந்து வயது, தனிக்கட்டை. அறுவடை முடிந்த வயல்வட்டையில் செம்மறி மேய்த்துச் சீவிப்பவர். போன மாரியில் வந்த வெள்ளம் அவருடைய பட்டியில் நாலு மறிகளை, அதாவது பெண் ஆடுகளை, மட்டும் மிச்சம் வைத்திருந்தது. நாலில் மூத்தது தாய், மற்ற மூன்றும் அதன் வயிற்றில் பிறந்தவை. மூத்தது ஈனும்போதெல்லாம் இரட்டைக்குட்டி போடும். அது ஒன்று இருந்தால் பட்டியைத் திரும்பக் கட்டிவிடலாம் என்று அவர் நம்பியிருந்தார்.

"ரெண்டு மறி தந்தாப் போதும் அம்மா" என்றாள் றுமைஸா. "மருந்து வச்சா எல்லா மறியும் ஒரே நேரத்துல கிடாய்க்கு வரும். அந்த முறையை மறுகா உங்களுக்கும் பழக்கித் தருவம்."

படிவத்தை அவளே வாசித்துக் காட்டினாள். என் வசனம் வந்ததும் அன்னப்பூரணி கையை நீட்டி நிறுத்தினார்.

"மாதிரியெண்டா என்ன புள்ள?"

"ரெத்தம்... அப்பிடி."

"ஆட்டுக்கு ஒண்டும் ஆகாதே?"

"கெவனமாப் பார்ப்பம் அம்மா."

(அந்த "அப்பிடி"க்குள் என்ன இருந்தது என்று அவளிடம் பின்னால் கேட்டேன். "நீங்க எழுதினதத்தான் நான் வாசிச்ச" என்றாள்.)

அன்னப்பூரணி கையெழுத்து வைத்தார். ஆடுகளை வாகனத்தில் ஏற்றும்போது மூத்ததின் கழுத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"புள்ள, இது சினை. ஒரு மாசம் கடந்திட்டு. அடுத்த பட்டிக் கிடாய் கிட்ட வந்தா ஒதுங்கிப் போகுது, தனியப் படுக்குது. இதை உட்டுட்டு மற்றதைக் கொண்டு போங்க."

ஆய்வுத் தொகுதிக்கு வயதுவந்த, குட்டி போட்டுப் பழகிய மறிதான் வேண்டும். றுமைஸா கையிலிருந்த தகுதிப் பட்டியலைப் பார்த்தாள்.

"சோதிச்சுப் பார்ப்பம் அம்மா. சினையெண்டா நானே கிறுகிக் கொண்டாந்து தருவன்."

4

இந்த இடத்தில் கொஞ்சம் விஞ்ஞானம் சொல்ல வேண்டும். ஆட்டைக் கொன்றது எதற்கு என்று தெரியாமல் யாரையும் ஏசக்கூடாது.

சூலகம் ஈஸ்திரஜன் என்ற ஓமோனைச் சுரக்கிறது. அது இரத்தத்தோடு மூளைக்கு ஏறுகிறது. மூளையின் அடியில், பரிவகக்கீழ் என்ற சிறு பகுதியில், அதைப் பிடித்துக்கொள்ளும் உயிர்க்கலங்கள் உண்டு. பிடிக்கும் உறுப்புக்கு எங்கள் பாடப்புத்தகம் வைத்த பெயர் "வாங்கி". அதே ஓமோன் கொஞ்சமாக வந்தால் மூளை இனப்பெருக்கத்தை அடக்கி வைக்கிறது. நிறைய வந்து சில மணிநேரம் நின்றுவிட்டாலோ மூளை கட்டளையை அவிழ்த்து விடுகிறது. முட்டை வெளியேறுகிறது, மறி கிடாயைத் தேடுகிறது. விசித்திரம் என்னவென்றால், கடைசிக் கட்டளையைப் பிறப்பிக்கும் கலங்களில் அந்த வாங்கி இல்லை. பக்கத்துக் கலங்கள் கேட்டுச் சொல்வதைக் கொண்டுதான் அவை முடிவெடுக்கின்றன.

சினை பிடித்துவிட்டால் இன்னொரு ஓமோன், புரோஜெஸ்தரோன், வந்து எல்லாவற்றையும் மூடி வைத்துவிடும். அதன் பிறகு மறி கிடாயை ஏறெடுத்தும் பார்க்காது.

வேட்கை வந்த ஆறு மறிகளின் மூளையையும் வராத ஆறின் மூளையையும் அரிந்து, சாயம் ஏற்றி, வாங்கிகளை எண்ணுவது ஆய்வு. கேள்வி நல்ல கேள்விதான். எந்த ஊசிக்கு எந்த ஆடு எப்போது சினைப்படும் என்று அறிந்தால் அன்னப்பூரணி போன்றவர்களுக்கே நன்மை. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

5

சினை பார்க்கும் ஸ்கேன் இயந்திரம் பழுதாகித் திருத்தப் போயிருந்தது. அது வரும்வரை பொறுக்கலாம் என்று றுமைஸா சொன்னாள். சாயம் காலாவதியாக மூன்று கிழமைதான் இருக்கிறது என்றார் இல்ஹாம். மறிகளின் பிறப்புவழியில் மருந்துப் பஞ்சை வைத்து, பன்னிரண்டாம் நாள் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கிடாயை விட்டார்கள்.

மற்ற மறிகளில் பல வாலை ஆட்டிக்கொண்டு நின்றன. காதில் பதினொன்று என்ற மஞ்சள் வில்லை போட்ட, அன்னப்பூரணியின் மூத்த மறியைக் கிடாய் ஒருதரம் முகர்ந்துவிட்டு விலகிப்போனது. மறி சுவரோரம் போய்ப் படுத்தது.

"சேர், பதினொண்டு சினை போல இரிக்கி" என்றாள் றுமைஸா.

"ஆர் சொன்ன?"

"ஆட்டுக்காரம்மா."

இல்ஹாம் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. "செம்மறியில மருந்து வச்சும் வேட்கை வராமப் போகும். நீங்களே எழுதியிருக்கிறீங்க, உங்கட ஆய்வேட்டு ரெண்டாம் அத்தியாயத்துல. அதை வேட்கை இல்லாத கூட்டத்துல போடுங்க."

அவள் போட்டாள்.

(இல்ஹாமை முதல் வரைவில் கொடியவராக எழுதியிருந்தேன். வாசகருக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் மின்சாரம் நின்ற நாட்களில் குளிர்பெட்டியைக் காக்க ஐஸ் சுமந்தவர் அவர். அந்த ஆய்வுகூடத்தை ஒற்றை ஆளாகக் கட்டியெழுப்பியவர். கொடியவர்கள் இல்லாமலே இது நடந்தது.)

6

அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் பதினொன்றின் முறை வந்தது. மயக்கம் கொடுத்து, தலையை எடுத்தார்கள். அதைச் செய்தவர் வேறொருவர். வயிற்றைத் திறந்து சூலகத்தை எடுப்பது றுமைஸாவின் வேலை.

கருப்பையைக் கையில் எடுத்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கனம் அப்படி. கீறினாள். சுட்டுவிரல் நீளத்தில் இரண்டு, ஒன்றின் முதுகில் மற்றது ஒட்டிக்கொண்டு. குளம்பு வைக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாய் ஒரு

(இந்த வசனத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.)

கையுறையைக் கழற்றாமல் இல்ஹாமிடம் போய் நின்றாள். அவர் வந்து பார்த்தார். பிறகு, "மூளையைப் பழுதாக்கிப் போடாதீங்க, உடனே மருந்துல போடுங்க" என்றார்.

மூளை பழுதாகவில்லை. பன்னிரண்டிலும் மிகத் தெளிவாகச் சாயம் ஏறியது பதினொன்றில்தான்.

7

"பதினொண்டைக் கணக்கிலயிருந்து எடுத்துருவம் சேர்."

"எடுத்தா அஞ்சு. அஞ்சுக்கு ஆர் பத்திரிகையில இடம் தருவாங்க? சினையிலயும் புரோஜெஸ்தரோன் கூடுதல், வேட்கையில்லாத நாளிலயும் கூடுதல். மூளைக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"ஒண்டெண்டு நாம பார்க்கல்லயே சேர்."

"றுமைஸா, கட்டுரையில உங்கட பேர்தான் முதல் பேர்."

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அன்பாகவே சொன்னார்.

8

ஒரு கிழமை கழித்து அவள் பழுகாமம் போனாள். இல்ஹாம் ஈடாகக் கொடுத்தனுப்பிய ஒரு பெட்டைக்குட்டியும், உயிரோடு மிஞ்சிய மற்ற மறியும் வாகனத்தில் இருந்தன. அன்னப்பூரணி வாகனத்துக்குள் எட்டிப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். பிறகு றுமைஸாவைப் பார்த்தார்.

"மூத்தது எங்க?"

றுமைஸா எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை ஒரு சொல்லையும் மழுப்பவில்லை என்று என்னிடம் சத்தியம் பண்ணினாள். அன்னப்பூரணி அழவில்லை. வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தினை குட்டி?"

"ரெண்டு."

"ம். தலைக்குள்ள என்னத்தத் தேடின நீங்க?"

ஓமோனையும் வாங்கியையும் றுமைஸா தனக்குத் தெரிந்த இலேசான தமிழில் விளக்கினாள். சினைப்பட்டால் மூளை எப்படித் தன்னை மூடிக்கொள்ளும், அதன் பிறகு மறி ஏன் கிடாயைப் பார்க்காது என்றெல்லாம்.

"இதுக்கா தலையப் பிளந்த?" என்றார் அன்னப்பூரணி. "நான் பட்டிக்கு வெளிய நிண்டு கண்ணாலயே பார்த்துச் சொன்னனே புள்ள."

றுமைஸா மற்ற மறியை வாகனத்திலிருந்து இறக்கிவிட்டாள்.

"சரி. போனது போயிட்டு. ஒண்டு மட்டும் செய்யுங்க. நீங்க எழுதுற புத்தகத்துல உள்ளதை எழுதுங்க. அன்னப்பூரணிட ஆடு சினை, அவ சொன்னவ, நாங்க கேக்கல்ல எண்டு."

"எழுதுறன் அம்மா."

குட்டியை அவர் வாங்கவில்லை. றுமைஸா அதைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தாள். பாலம் முழுவதும் அது கத்திக்கொண்டே வந்ததாம்.

9

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவதில் றுமைஸா பதினொன்றை நீக்கச் சொல்லிப் பத்திரிகைக்குக் கடிதம் அனுப்புகிறாள், வேலையை இழக்கிறாள், நிமிர்ந்து நடக்கிறாள். வாசித்த நண்பர் அருமை என்றார். கிழித்துவிட்டேன். நான் அறிந்த றுமைஸா அப்படி நடக்கவில்லை.

இரண்டாவதில் இல்ஹாமே மனம் மாறுகிறார். (சிரிக்காதீர்கள்.)

மூன்றாவது நடந்தது. கட்டுரை வெளியானது. கூட்டத்துக்கு ஆறு ஆடுகள். "சினையுற்றவை எவையும் சேர்க்கப்படவில்லை" என்று முறையியல் பகுதியில் இருக்கிறது. முதல் பெயர் றுமைஸாவுடையது. அவளுக்குப் பட்டம் கிடைத்தது, இப்போது அதே துறையில் விரிவுரையாளர். தானாக என் வீட்டுக்கு வந்து, நாற்காலியின் நுனியில் இருந்துகொண்டு இவ்வளவையும் சொன்னவளும் அவள்தான். "எழுதுங்க" என்றாள். "எண்ட பேரை மாத்தவேணாம்" என்றாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "இல்ல, மாத்துங்க" என்றாள்.

மாற்றிவிட்டேன்.

10

போன மாதம் நான் பழுகாமம் போனேன். கதைக்கு அந்தப் பட்டியைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்னப்பூரணி கஞ்சித்தண்ணி வாளியோடு பட்டி வாசலுக்கு வந்தார். உள்ளே ஐந்து செம்மறிகள் நின்றன. அவராகவே பெருக்கியவை. நான் பல்கலைக்கழகத்துப் பக்கத்து ஆள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, அந்தப் புள்ள புத்தகத்துல எழுதினதா?"

இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. "ஓம்" என்று எழுதினேன். அவர் முகம் இளகியது. அடித்தேன். "இல்லை" என்று எழுதினேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு பட்டிக்குள் போனார், திரும்பவில்லை. அதையும் அடித்தேன். "தெரியாது" என்று எழுதப் போன கையை நானே பிடித்துக்கொண்டேன்.

ஆகவே அவர் இன்னும் அங்கேயே நிற்கிறார். செம்மறிகள் வாளியை முட்டுகின்றன, அவர் காலால் விலக்குகிறார், கண்ணை மட்டும் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். நான் ஒதுங்கிக்கொள்கிறேன். அவர் உங்களிடம்தான் கேட்கிறார்.

சொல்லுங்கள்.