தொட்டிக்குக் கிடைத்த பொலிஸ் பதிவு

கொழும்பின் காலி வீதியோரம் சொந்தக்காரர் இல்லாமல் ஒரு பை கிடந்தாலே போதும், குண்டென்று கடைகளை இழுத்துப் பூட்டிவிட்டு ஊரே ஓடிய காலம் அது. அந்தக் காலத்தில்தான் வெள்ளவத்தையில் பொரித்த கோழிக்கடை நடத்திய சின்னராசாவுக்கு உலகத்தைக் காப்பாற்றும் ஆசை வந்தது.

லண்டனில் மருமகனின் கடையைப் பார்த்துவிட்டு வந்தவர் முதலில் உறிஞ்சுகுழாய்களை நிறுத்தினார். அடுத்து கோழிப்பெட்டியின் மேல் பச்சை இலை ஒன்றை அச்சடிப்பித்தார். பெட்டிக்குள் லஞ்ச் சீற் என்ற பிளாஸ்ரிக் தாள் இருந்தபடியே இருந்தது. தார் நிறத்துக்கு வந்த எண்ணெயும் வழக்கம்போலப் பின்பக்கக் கழிவுக் கானில் இறங்கிக் கடலைத் தேடிப் போனது. கடைசியாக, வாசலில் உருட்டிப்போகச் சில்லுப் பூட்டிய பெரிய பச்சைக் குப்பைத்தொட்டி ஒன்றை நிறுத்தினார். பசுமைக் கடைகளுக்கு விருது கொடுக்கும் சங்கத்தார் பார்வையிட வரவிருந்தார்கள்.

அவர்களுக்கு முன் பொலிஸ் வந்தது. வீதியை மறித்து, எல்லோரையும் விரட்டிவிட்டு, நீண்ட கம்பியால் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே கோழி எலும்பு.

"மேக்க காகெத?" என்றார் சார்ஜன்ட். இது யாருடையது?

சின்னராசா சுற்றிலும் பார்த்தார். மேசை துடைக்கும் அழகர்தான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். "இவன்தான் சேர் பொறுப்பு. டேய் அழகர், இனி உந்தத் தொட்டியை விட்டு அசையக்கூடாது. விளங்குதே?"

அழகர் தலையாட்டினான். மலைநாட்டு அட்டனிலிருந்து வந்தவன்; பேச்சுக் குறைவு. அவன் மனதில் கிடந்தது ஒன்றே ஒன்று, பொலிஸ் பதிவு. கொழும்பில் அது இல்லாமல் தங்கிய தமிழனைச் சுற்றிவளைப்பில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதிவதற்கு வீட்டுக்காரியின் கையெழுத்து வேண்டும். அறை வாடகைக்குக் கொடுத்த பேர்ணடெற்றோ, "கையெழுத்து மட்டும் கேக்காதே மகன், எனக்குப் பிரஷர்" என்று சொல்லிவிட்டாள்.

தொட்டிக்குப் பிரஷர் உள்ள வீட்டுக்காரி யாரும் இல்லை. அதற்காக இன்னொரு தடவை வீதியை மறிக்காதிருக்க, சின்னராசா ஒரு வாளி பொரித்த கோழியோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். பதிவு எழுதும் பொலிஸ்காரர் தமிழரைப் பதிந்து பதிந்து பழகிய கையால் தொட்டியையும் பதிந்தார். நிரந்தர முகவரி? கொழும்புக்கு வந்த நோக்கம்?

"சுற்றாடல் பாதுகாப்பு," என்றார் சின்னராசா.

பிறகு தொட்டியின் வயிற்றில் பொலிஸ் நிலையத்தின் பெயர், கடை முகவரி, பொறுப்பாளர் அழகர் என்று சிங்களத்தில் வெள்ளைப் பெயின்றால் எழுதினார்கள்.

"அழகர் அண்ணே, தொட்டிக்கே பதிவு வந்திட்டு, ஒங்களுக்கு எப்ப?" என்று காசாளர் றமீலா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. தொட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பொறாமைப்படுவதற்கு உலகத்தில் எத்தனையோ இருக்க, குப்பைத்தொட்டிமேல் பொறாமைப்பட்ட முதல் மனிதன் அவனாகத்தான் இருக்கவேண்டும்.

அந்த வாரமே சுற்றிவளைப்பு நடந்தது. கடைப் பையன்களை வரிசையாக நிறுத்திப் பதிவுத்துண்டு கேட்டார்கள். அழகர் தொட்டியைக் காட்டினான். அதே சார்ஜன்ட். குனிந்து வாசித்தார்.

"இவனைக் கொண்டுபோனால் இதை யார் பார்ப்பது?" என்று சிங்களத்தில் அதட்டினார். "தம்பி, நீ நில்."

கோழி பொரிக்கும் இராமரை ஏற்றிக்கொண்டு பஸ் போனது. கோழி பொரிப்பது யாருடைய பாதுகாப்புக்கும் அவசியமானதல்ல.

விருதுச் சங்கத்தார் வந்தார்கள். தொட்டியைத் தடவிப் பார்த்தார்கள். அதன் பக்கத்தில் நின்ற மனிதனின் அர்ப்பணிப்பு தங்களை நெகிழவைத்ததாகச் சொன்னார்கள். கேடயம் சின்னராசாவின் கைக்குப் போனது.

கார் மறைந்ததும் அவர் மூக்கைப் பொத்தினார். "காரியம் முடிஞ்சுது. உந்த நாத்தத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய்க் கவிட்டு வை."

"நா கொண்டுபோறங்க மொதலாளி."

"எங்க?"

"ரூமுக்குங்க."

சின்னராசா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "விசரா உனக்கு? சரி, கொண்டுபோ. நாறுறது உன்ர அறைதானே."

அன்று மாலை காலி வீதி நெடுகச் சில்லு கடகடக்க ஒரு பச்சைத்தொட்டி போனது. சோதனைச்சாவடியில் மறித்த சிப்பாய் மூடியைத் திறந்தான், மூக்கைச் சுளித்தான், பெயின்ற் எழுத்தை வாசித்தான். அழகரின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போகச்சொல்லிக் கையசைத்தான்.

ஒழுங்கை வாசலில் பேர்ணடெற் நின்றாள். "ஐயோ, என்ன சாமானடா இது?"

"பதிவுங்க," என்றான் அழகர். "ஒங்க கையெழுத்து வேணாங்க."