டிரைவர் மாறிய வாரம்

விரலுக்கு அடியில் புள்ளிகள் எழவில்லை. பட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். இஸ்திரி போட்ட துணிபோல வழவழவென்று கிடந்தது. அவருக்குக் கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. நாற்பதுக்கு மேல் காதும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டது. கம்ப்யூட்டருக்கு வரும் எழுத்துகளைப் பிரெய்ல் புள்ளிகளாக எழுப்பித் தரும் இந்தப் பட்டை வழியாகத்தான் உலகம் அவரிடம் வந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதில் பட்டையை இணைக்கும் சீரியல் கேபிளை இயக்கும் 'டிரைவர்' என்ற மென்பொருள் மாறிப்போய், பட்டை செத்துவிட்டது.

அதன்பிறகு அவருக்கு அக்காதான் எல்லாம். பட்டை ஓடியவரை அவள் அடுத்த அறையில் இருந்தபடியே போனில் தட்டி அனுப்புவாள். சாப்பிட வா. குளிச்சாச்சா. இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவர் உள்ளங்கையில் விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுத வேண்டியிருந்தது. முதலில் அலுத்துக்கொண்டுதான் எழுதினாள். போகப்போக எழுத்து நீண்டது. மாடி வீட்டுச் சண்டை வந்தது, முழங்கால் வலி வந்தது. ஒருநாள், 'ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது' என்று எழுதிவிட்டு, விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தது தரை அதிர்ந்ததில் தெரிந்தது. அக்கா எழுதினாள்: 'டிரைவர் சரியில்லையாம். நமக்கு ஏதுடா காரு?'

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரிக்கிறாள் என்பது அவள் கை குலுங்கியதில் தெரிந்தது.

'முன்னாடி கேபிள் எந்த நம்பர் போர்ட்டுல இருந்துச்சுன்னு கேக்கறார்.'

"மூணு. புது டிரைவரை எடுத்துட்டுப் பழசையே போடச் சொல்லுக்கா. மறுபடி தானா மாறாம பார்த்துக்கச் சொல்லு."

மெக்கானிக் போட்டுப் பார்த்தார், புள்ளிகள் எழவில்லை. 'போர்ட் அஞ்சுக்கு மாறிடுச்சாம், அதைப் புரோகிராம்ல மாத்தறார்,' என்று அக்கா எழுதினாள். அவள் விரல் வேர்த்திருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

வலது கைக்குக் கீழே புள்ளிகள் குப்பென்று எழுந்தன. 'சரியா வருதா சார்?' மெக்கானிக் தட்டியிருந்தார்.

"வருது," என்றார்.

ஒரு வாரத்துச் செய்திகள் குவிந்து கிடந்தன. தூரத்து நண்பர், 'உயிரோடதான் இருக்கீரா?' என்று கேட்டிருந்தார். விரல் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் கிளம்பியதையும் அவர் கவனிக்கவில்லை. இடது கை ஞாபகம் வந்தபோது அதில் யாருமில்லை. அவள் எப்போது எழுந்து போனாள்?

புள்ளிகள் எழுந்தன. 'மாத்திரை மேசை மேல இருக்கு.'

படித்து முடித்ததும் அவை அடங்கின.

"அக்கா," என்றார். குரல் அடுத்த அறைவரை போகிறதா, தன் மார்போடு நின்றுவிடுகிறதா என்று அவருக்குத் தெரியாது. "வேலை இல்லேன்னா இப்படி வந்து கொஞ்சம் உட்காரேன்."

இடது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தார். மின்விசிறிக் காற்று உள்ளங்கையைத் தொடுவதும் விலகுவதுமாக இருந்தது.