ரமீஜாவின் பகல் தூக்கம்

நைட் டூட்டி முடிந்து வந்த ரமீஜா கொல்லைப்புறத்திலேயே வெள்ளைப் புடவையை அவிழ்த்து வெந்நீர் அண்டாவில் அமுக்கினாள். பிளீச்சிங் பவுடர் அரித்து விரல் நுனிகள் வெளுத்து உரிந்திருந்தன. குளித்துவிட்டு உள்ளே வந்தபோது நாலு வயது மகள் ரோஷன் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"கிட்ட வராதடி!"

அவள் போட்ட சத்தத்தில் குழந்தை நின்ற இடத்திலேயே நின்று உதட்டைப் பிதுக்கியது. ரமீஜா பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எழுபத்து நாலாம் வருஷம். ஆடி பிறந்ததிலிருந்து காலரா. குப்பங்களிலிருந்தும் மூலக்குளம் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கொட்டகை போட்டு, நடுவில் ஓட்டை வைத்த கட்டில்களையும் அடியில் வாளிகளையும் வரிசையாக வைத்திருந்தார்கள். வருகிறவர்களின் வயிற்றுத் தோலை ரமீஜா கிள்ளிப் பார்ப்பாள். நல்ல உடம்பென்றால் விட்டதும் மடிப்பு மறைந்துவிடும். நீர் வற்றிய உடம்பில் அப்படியே நிற்கும். கண்ணை மூடினால் அந்த மடிப்புகள்தான் தெரிந்தன. நேற்று அப்படியொரு கட்டிலில் கிடந்தது தையல்நாயகி, கூட வேலை பார்க்கும் நர்ஸ், ஒரே டப்பாவில் சோறு பங்கு போட்டவள். அவளுக்குச் சலைன் ஏற்ற ரமீஜாவால் நரம்பைப் பிடிக்க முடியவில்லை. மறுபடி மறுபடி குத்தினாள். தையல்நாயகி கண்ணைத் திறந்து, "கை நடுங்குதுடி ஒனக்கு" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

ரமீஜா புரண்டு படுத்தாள். வயிற்றுக்குள் ஏதோ இரைந்தது. பசியா, அதுவா? தன் வயிற்றையே கிள்ளிப் பார்த்தாள். மடிப்பு மறைந்தது. நம்பாமல் இன்னொரு தரம் கிள்ளினாள்.

மதியம் தாண்டியபோதுதான் வீடு சத்தமில்லாமல் கிடப்பது உறைத்தது. அவள் புருஷன் அன்வருதீன் தையல்காரன். பகலில் முன்னறையில் மிஷின் ஓடாத நேரம் கிடையாது. எழுந்து போய்ப் பார்த்தாள். மிஷினுக்குப் பக்கத்தில் பாயில் சுருண்டு கிடந்தான், வாய் பிளந்து, கன்னம் ஒட்டி.

"ஏங்க... ஏங்க!"

அசைவில்லை. விழுந்தடித்துக்கொண்டு போய் அவன் பனியனைத் தூக்கி வயிற்றைக் கிள்ளினாள். அவன் அலறிக்கொண்டு எழுந்தான்.

"என்னாத்துக்குடி கிள்ளுற?"

"கூப்ட்டா ஏன் எழுந்திருக்கல?" அவன் தோளில் மாறி மாறி அடித்தாள். அழுகை வந்துவிட்டது. "ஏன் எழுந்திருக்கல?"

"அசந்துட்டேன் ரமீஜா. வேற ஒண்ணுமில்ல."

"இந்நேரத்துல என்னா தூக்கம்? மிஷின் ஏன் ஓடல?"

"நீ தூங்குவியேன்னு..." என்று இழுத்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போதுதான் அலமாரியைப் பார்த்தாள். அதில் ஒரு துண்டுத் துணிகூட இல்லை.

"தச்சது தைக்காதது எல்லாத்தையும் வாங்கிட்டுப் போய்ட்டாங்க" என்றான். "காலரா நர்ஸ் ஊட்டுல தைக்க வாணாமாம். எதிர்வீட்டு ராஜாம்பாள், நான் வெட்டிப் போட்ட ஜாக்கெட்ட அப்படியே அள்ளிக்கினு போச்சு."

ரமீஜா சுவரில் சாய்ந்தாள். "நான் நின்னுடறேங்க. இனிமே போவல."

"நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். பயமா இருக்குது."

அவன் வாயால் அப்படியொரு வார்த்தையை அவள் கேட்டதேயில்லை. ஆனாலும் மனசு லேசானது. போக வேண்டாம் என்று நினைத்ததுமே கைகால்கள் தளர்ந்து, கண் சொருகியது.

"நர்சம்மா!"

தெருவில் ராஜாம்பாள் நின்றாள். தோளில் இரண்டு வயது மகள் துணிபோலத் தொங்கியது. படியேறாமல் அங்கிருந்தே அழுதாள். "காலையிலேர்ந்து தண்ணித் தண்ணியா போவுது. இப்ப கண்ணத் தொறக்க மாட்டேங்குது."

கதவைச் சாத்திவிடலாம் என்று ஒரு கணம் ரமீஜாவின் கை தாழ்ப்பாளைத் தேடியது. பிறகு இறங்கிப் போய்க் குழந்தையின் சட்டையை விலக்கிக் கிள்ளினாள். மடிப்பு நின்றது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். நின்றுகொண்டுதான் இருந்தது.

"ரிக்‌ஷா கூப்புடுங்க. ரோஷன வெளிய விடாதீங்க."

"இப்பதான் போவலன்னு சொன்ன?"

"கூப்புடுங்க!"

ரிக்‌ஷாவில் குழந்தை ராஜாம்பாள் மடியில் கிடந்தது. ரமீஜா ஒரு கையால் அதன் நாடியைப் பிடித்திருந்தாள். வீட்டில் உப்பும் சர்க்கரையும் கரைத்து எடுத்து வந்த தண்ணீரை ராஜாம்பாள் சொட்டுச் சொட்டாக அதன் உதட்டில் விட்டாள். பெரிய வாய்க்காலருகே சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நர்சம்மா, அந்த ஜாக்கெட்டு..."

"பேசாத. தண்ணிய உடு."

வண்டி மறுபடி கிளம்பியபோது தூக்கம் வந்தது. இத்தனை நாளும் கெஞ்சியும் வராத தூக்கம், இப்போது, இந்த வெயிலில். ரமீஜா உதட்டைக் கடித்தாள். தலை சாய்ந்தது. கன்னத்தில் ராஜாம்பாளின் தோள் பட்டது. அது விலகவில்லை. எழுந்துவிட வேண்டும், எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தபடியே நாடியைத் தேடினாள். விரலடியில் இருந்த துடிப்பைக் காணவில்லை. மரத்துப்போனது தன் விரலா, குழந்தையின் கையா என்று தெரியவில்லை. கண்ணைத் திறக்கப் பார்த்தாள். ரிக்‌ஷா மணி எங்கோ தொலைவில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.